கோதண்டம் செத்த மத்தியானம்

மூக்கில் பஞ்சு வைத்தால் வாயால் மூச்சு விடலாம், வாயையும் கட்டிவிட்டால் எதால் விடுவது? இந்தச் சின்ன விஷயம் ஒரு மனுஷனுக்குக்கூடத் தோணவில்லையே என்று பெஞ்சின்மேல் மல்லாந்து கிடந்த தணிகாசலத்துக்கு எரிச்சலாக வந்தது. மத்தியானம் மூணு மணி. போரூர் தாண்டி, ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுகிற ஒரு வீடு. அதன் கூடத்தில் நட்டநடுவே அவன் செத்துக் கிடந்தான். பத்து மாசமாக டிவி சீரியலில் அவன் நடித்துவந்த குடிகாரன் கோதண்டம் நேற்றைய சீனில் ரத்தமாக வாந்தி எடுத்துப் போய்ச் சேர்ந்தான், இன்றைக்குப் பிணம். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, உச்சந்தலையில் முடிச்சு, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து நூல்கட்டு, கழுத்திலிருந்து தொப்பை வரைக்கும் சம்பங்கி மாலை. ஐஸ் பெட்டி வேண்டாம், கண்ணாடியில் லைட் அடிக்கும் என்று டைரக்டர் மணவாளன் சொல்லிவிட்டார். பெட்டி வைத்திருந்தாலாவது குளுகுளுவென்று கிடந்திருக்கலாம். இங்கே தலைக்கு மேலே நாலு லைட், ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள், பிணத்துக்கு முடி பறக்கக் கூடாதாம். கடைசியில் மேக்கப்மேன் சதாசிவம்தான் மனசு வந்து, பஞ்சை ஓரமாகக் கொஞ்சம் பிரித்துவிட்டு, "இந்த வழியா இழுத்துக்குங்கண்ணே, வெளிய தெரியாது" என்றார். இழுத்தான். சம்பங்கி வாசனை குப்பென்று ஏறியது. பிணம்தானே, பேசாமல் படுத்துக் கிடக்கிறதுதானே, வசனம் கிடையாது, கீழே விழுந்து புரளுகிற வேலை கிடையாது என்று காலையில் இளித்துக்கொண்டு வந்தவன்தான். இப்போது தெரிகிறது. மாலைக்குள்ளிருந்து ஒரு எறும்பு புறப்பட்டுக் கழுத்து மடிப்பில் ஊர்கிறது. கடிக்குமா, கடிக்காதா? கறுப்பு எறும்பாக இருந்தால் கடிக்காது. சிவப்பாக இருந்தால்? கண்ணைத் திறந்தால்தானே பார்க்கலாம். சாமி, கறுப்பாக இரு. அங்கே கோதண்டத்தின் பெண்டாட்டி செண்பகமாக நடிக்கிற நிவேதிதாவின் முகத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது முடிந்தால் மகள் முகம், எதிர்வீட்டுக்காரி முகம், ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று தடவை மியூசிக் போடுவார்கள். இன்றைக்கு அழுகிற அழுகை மூன்று நாளைக்கு ஓடும். எறும்பு நின்றுவிட்டது. எங்கே நிற்கிறது என்று தெரியாததுதான் ரொம்ப மோசம்.

நிஜமாகவே இப்படிக் கிடந்திருக்க வேண்டியவன்தானே நீ, இப்ப என்ன எறும்புக்கு அழுவுற என்று தன்னையே கேட்டுக்கொண்டான். போன வருஷம் மறுவாழ்வு மையத்தில் அந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் ஆறு மாசம் இதே மாதிரி குடிச்சா அவ்வளவுதான் என்று பஸ் டைம் சொல்கிற மாதிரி சொன்னார். பன்னிரண்டு வருஷக் குடி. அதிலும் என்ன குடி! கோதண்டம் மாதிரித் தெருவில் உருண்டு, சட்டியை உடைத்து, தாலியைப் பிடுங்கிய குடியா? சேச்சே. தணிகாசலம் நாடகக் கம்பெனியில் பத்தொன்பது வயசிலிருந்து நின்றவன், ராஜா வேஷம் கட்டினவன். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் குடிக்காதவனாக நடிப்பான். வாசலில் செருப்பை ஜோடி சேர்த்து வைப்பான். முதுகை நிமிர்த்திக்கொண்டு நடப்பான். "அம்சவேணி, இன்று மழை வரும் போலிருக்கிறது, துணிகளை எடுத்து வைத்துவிட்டாயா?" என்று பெண்டாட்டியைக் கேட்பான். ஏமாற்றிவிட்டோம், என்ன நடிப்புடா நம்முடையது என்று உள்ளுக்குள் ஒரு கைதட்டல் வேறு. மையத்தில் பார்க்க வந்த அன்றைக்குத்தான் அம்சா சொன்னாள், சிரிக்காமல் சொன்னாள்: "நீங்க சும்மா இருக்கசொல்ல பம்மல் தமிழ்தான் பேசுவீங்க. உள்ள போச்சுன்னாதான் நாடகத் தமிழு. நீங்க 'மழை'ன்னு அழகாச் சொன்னாலே எனக்குப் புரிஞ்சிரும். பாப்பாகூட பொஸ்தகத்த எடுத்துக்கினு உள்ள பூடுவா." பன்னிரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி, மகள், ரெண்டே ரெண்டு பேருக்கும் நாடகம் எப்பவோ புரிந்துபோயிருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும், இந்தக் கட்டோடும் காசோடும் கிடக்கிறபோதும், காது மடல் சுடுகிறது. அவள் ஒரு தடவையாவது கத்தியிருக்கலாம். கத்தவே இல்லை. பல்லாவரத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துவிட்டு வந்து, சோறு போட்டு, படுத்துவிடுவாள். அந்த அமைதியை நினைத்தால் பயமாக இருக்கும், அந்தப் பயத்துக்கும் குடிப்பான்.

மையத்திலிருந்து வந்து மூன்றாவது வாரம் இந்த வேஷம் வந்தது. குடிகார வேஷம். போவதா வேண்டாமா என்று அம்சாவைக் கேட்டான். "ஒங்க இஷ்டம்" என்றாள். போனான். பாட்டிலில் ஆறிப்போன டிக்காஷன் தண்ணி. அதை வைத்துக்கொண்டு தள்ளாடினான், விழுந்தான், செண்பகத்தின் காலைப் பிடித்துக் கெஞ்சினான், மறுநாள் அவளையே அடித்தான். யூனிட்டே வாயைப் பிளந்தது. எப்படி சார் இவ்வளவு இயல்பா? எப்படியோ! ஊரே அவனைக் குடிகாரன் என்றது. நிஜமாகக் குடித்தபோது அடுத்த வீட்டுக்குத் தெரியாது, நிறுத்தின பிற்பாடு தமிழ்நாட்டுக்கே தெரிந்துவிட்டது, இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல. பஸ்ஸில் ஒரு அம்மா, முன்பின் தெரியாதவள், கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள். "ஏன்யா, கட்டினவ கழுத்துத் தாலியப் புடுங்கிட்டுப் போறியே, நீ வெளங்குவியா?" அது நடிப்பும்மா என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாம்மா" என்றான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினான். அம்சா திட்டாமல் விட்டதையெல்லாம் ஊர்ப் பொம்பளைகள் ஆளுக்குக் கொஞ்சமாகத் திட்டித் தீர்க்கிறார்கள், நல்லதுதானே, திட்டட்டும். அம்சா மட்டும் ஒரு நாள்கூட அந்த சீரியலைப் பார்த்ததில்லை. எட்டு மணியானால் மாடிக்குப் போய்விடுவாள். துணி எடுக்கவாம். துணியே காயப்போடாத நாளிலும் போவாள். வெட்கம். புருஷன் குடிகாரனாகத் தெரிகிறானே என்கிற வெட்கம். வேறென்ன இருக்கும்? நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "நாளைக்கு கோதண்டம் செத்துட்றான் அம்சா, மத்தியானம் எடுக்குறாங்க" என்றான். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். ஒரு 'ஐயோ' இல்லை, அடுத்து என்ன செய்யப் போறீங்க இல்லை.

அடுத்து என்ன? அதுதான். எறும்பு எங்கேயோ போய்விட்டது, இது போகவில்லை. பத்து மாசமாக அவன் குடிக்காமல் இருந்தது தன்னுடைய திடசித்தம் என்று மையத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியிருக்கிறான், கைதட்டினார்கள். சும்மா கதை. குடிக்கிற வேலையைக் கோதண்டம் பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் தள்ளாடி, உளறி, அழுது, கெஞ்சி, எல்லாம் தீர்ந்துபோய், வெறும் உடம்பாக வீட்டுக்குப் போவான். நாக்கு கேட்காது. இனிமேல் அந்த வேலையை யார் பார்ப்பது? நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு எங்கே போய் உட்காருவது? பஸ் ஸ்டாப்புக்கு நாலடி தள்ளிப் பிராந்திக் கடை. ஒன்றும் பெரிசாக வேண்டாம். ஒரே ஒரு கட்டிங். கூட நடித்தவன் செத்துப்போயிருக்கிறான், பத்து மாசம் சோறு போட்டவன், ஒரு மரியாதைக்கு. ஏலக்காய் போட்டுக்கொண்டால் போச்சு. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் காற்றில் வாசனை போய்விடும். அடப்பாவி, ஜன்னல் சீட்டு வரைக்கும் போய்விட்டாயா? மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போதே இந்த யோசனை வந்துவிட்டது, இவன் பார்க்காத மாதிரி இருந்தான். அது போய் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டது. பேக்கப் ஆகட்டும், வர்றேன் என்கிறது. தணிகாசலத்துக்கு உள்ளங்கை வேர்த்தது. பிணத்துக்கு வேர்க்கலாமா? இன்றைக்குப் போனால் நாளைக்கும் போவான். அது அவனுக்குத் தெரியும். நாளைக்குப் போனால் அப்புறம் இந்தப் பெஞ்சு நிஜப் பெஞ்சு, இந்தப் பஞ்சு நிஜப் பஞ்சு, எடுத்துப்போடச் சதாசிவம் வரமாட்டார்.

"சைலன்ஸ்! தணிகா சார், இப்ப உங்க முகம் இருக்கு ஃப்ரேம்ல. மூச்சு கண்ட்ரோல் பண்ணிக்குங்க. டேக்!" மூச்சை இழுத்து நிறுத்தினான். நிவேதிதா வந்து விழுந்தாள். வளையல் நெஞ்சில் குத்தியது. "என்ன விட்டுட்டுப் போயிட்டியே, குடிச்சாலும் குத்துக்கல்லாட்டம் இருந்தியே" என்று ஒப்பாரி. நல்லாத்தான் அழுகிறாள், ஆனால் நிஜப் பெண்டாட்டி அழமாட்டாள் தாயி, தோசையைத் திருப்பிப் போடுவாள் என்று நினைத்துக்கொண்டான், சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாகி நாக்கைக் கடித்தான். அடுத்து மகளாக நடிக்கிற பெண். இவளுக்கு வசனம் இருப்பதே அவனுக்குத் தெரியாது, பிணத்துக்கு யார் ஸ்கிரிப்ட் காட்டுகிறார்கள். கொலுசுச் சத்தம் பக்கத்தில் வந்தது. குனிகிறாள் போல, மூச்சு அவன் கன்னத்தில் பட்டது. பட்டுவிட்டு மெதுவாக, அழாமல், ஆச்சரியமாக, "அம்மா, அப்பா வாயில இன்னிக்கு நாத்தமே இல்லம்மா" என்றாள். யார் எழுதினார்கள் இதை? எந்தப் பாவி எழுதினான்? தர்ஷிகா, அவன் மகள், ஒன்பதாவது படிக்கிறவள், மையத்திலிருந்து வந்த பிற்பாடும் ஒரு கை தூரம் தள்ளித்தான் நின்று பேசுவாள். பழக்கம். அவன் வாய்க்கும் அவள் முகத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு அளவு தெரியும். போன மாசம் திருத்தணிக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிப்போய் அவன் தோளில் சாய்ந்தாள். சாய்ந்தவள் முழித்துக்கொண்டாள். முழித்து, ஒரு நிமிஷம் அப்படியே இருந்து, மூக்கை அவன் சட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அப்புறம் நன்றாகச் சாய்ந்து தூங்கிவிட்டாள். பல்லாவரம் வரைக்கும் அவன் தோளை அசைக்கவில்லை, தோள் மரத்துப்போனது, அந்த மரப்பு போகவே கூடாது என்று இருந்தது. அவளுக்கா நான் ஏலக்காய் மெல்லப் போகிறேன்? அந்த மூக்குக்கா?

"கட்! கட்! சார், பொணம் அழுவுது!" என்று கேமராமேன் கத்தினார். கூடமே சிரித்தது. கண்ணோரத்திலிருந்து வழிந்து காதுக்குள் போய்விட்டது, அவனுக்கே தெரியவில்லை. "நான் கிளிசரின் போட்டு முக்கி முக்கி அழறேன், இவர் ஓசியிலயே அழறார் பாருங்க" என்றாள் நிவேதிதா. மணவாளன் தலையில் அடித்துக்கொண்டார். "தணிகா சார், உங்க சாவுக்கு நீங்களே அழுதா நாங்க எதுக்கு சார்?" சதாசிவம் பேப்பரும் பவுடருமாக ஓடிவந்து குனிந்தார். "கண்ணைத் தொறங்கண்ணே, ஒத்தி எடுத்துர்றேன்." திறந்தான். லைட்டு வெளிச்சத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மானிட்டருக்குப் பின்னால், ஒயர்களுக்கு நடுவில், தோளில் கம்பெனிக்குக் கொண்டுபோகிற பையோடு, அம்சவேணி நின்றுகொண்டிருந்தாள்.

ஐயையோ. சாவு சீன் எடுக்கிற அன்றைக்கு எவனும் பெண்டாட்டியைக் கூட்டிவரமாட்டான். தாலி கட்டினவள் புருஷனைப் பாடை மாலையோடு பார்க்கக் கூடாது, வேஷமாக இருந்தாலும் கூடாது. இந்த ஃபீல்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சதாசிவமும் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "அண்ணி, நீங்க வெளிய சேர் போட்டு உக்காருங்கண்ணி, இதைப் பாக்கப்படாது." அவள் நகரவில்லை. "இருக்கட்டும்ணே" என்றாள். அவ்வளவுதான், "ரெடி, டேக்!" என்றுவிட்டார் மணவாளன், கண்ணை மூட வேண்டியதாகிவிட்டது. மூடினால் சும்மா இருக்குமா மனசு? பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் நின்றுகொண்டா இருப்பாள், பெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிருப்பாளே. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். பம்மலிலிருந்து ரெண்டு பஸ். எதற்கு? காவலுக்கா? இன்றைக்கு நான் எங்கே போவேன் என்று தெரிந்துவிட்டதா? வேவு பார்க்க வந்தாளா? சுருக்கென்று கோபம் வந்தது. நல்ல கோபம், காரம் ஏறின கோபம். என்னை நம்பவே மாட்டியா, பத்து மாசம் ஆச்சு, இன்னமும் பின்னாலேயே வருவியா? அந்தக் கோபம் பாதி வழியில் அவனுக்கு அடையாளம் தெரிந்துபோனது. அடேய், இது பழைய ஆளாச்சே. மையத்தில் சேர்வதற்கு முதல் நாள் அரிசி டின்னுக்குள்ளிருந்து பாட்டிலை அவள் எடுத்து வெளியே வைத்த அன்றைக்கு வந்த அதே கோபம். ஒன்றும் ஒளித்து வைக்காதவனுக்கு இந்தக் கோபம் வராது. அப்படியென்றால் நிஜமாகவே போகத்தான் இருந்தேன். யோசனை இல்லை, முடிவே பண்ணிவிட்டேன், எனக்குத்தான் கடைசியாகச் சொல்லியிருக்கிறேன். நிவேதிதா மறுபடியும் நெஞ்சில் விழுந்தாள், வளையல் மறுபடியும் குத்தியது, அந்தப் பெண் மறுபடியும் குனிந்து நாத்தமே இல்லம்மா என்றாள், இந்தத் தடவை அவன் அழவில்லை. பயந்து கிடந்தவனுக்கு அடியிலிருந்து மெல்ல ஒன்று ஏறி வந்தது. ஆறு மணிக்கு அந்தக் கடையைத் தாண்டி நான் தனியாக நடக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இவள் இருப்பாள். அப்பாடா. அவ்வளவுதான், வேறொன்றுமில்லை, அப்பாடா. பஞ்சு ஓட்டை வழியாக வந்த காற்று போதுமானதாக இருந்தது.

"ஓக்கே!" என்றார் மணவாளன். எல்லாரும் மூச்சு விட்டார்கள். "அண்ணே, எந்திரிச்சுராதீங்க" என்று கேமராமேன் கையைக் காட்டினார். "சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுத்துரணும்." செத்தவனாக நடித்தவன் அதே கோலத்தில் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும். திருஷ்டிக்கு. சிரிக்காமல் எழுந்தவன் கதையெல்லாம் சொல்லி பயமுறுத்துவார்கள். தாடைக் கட்டைத் தளர்த்திவிட்டார்கள். தணிகாசலம் சிரித்துப் பார்த்தான். உதடு போனது, சிரிப்பு வரவில்லை. "நல்லா சிரிங்கண்ணே." பல்லைக் காட்டினான். "பயமா இருக்குண்ணே, இதுக்குப் பொணமே தேவல." அவன் கண் கேமராவைத் தாண்டி அம்சாவிடம் போனது. "நீ எதுக்கு அம்சா இங்க வந்த?" என்று படுத்தபடியே கேட்டான். நாலு பேருக்கு நடுவில் குரல் எழுப்பிப் பேசாதவள், அன்றைக்குக் கூடம் முழுக்கக் கேட்கப் பேசினாள். "அவன் செத்தத பாக்கத்தான் வந்தேன். பத்து மாசமா எட்டு மணியானா ஒங்க மூஞ்சிய வச்சிக்கினு என் வூட்டுக்குள்ள வந்து நிக்கிறான், கட்டையில போறவன்! சத்தம் கேக்காம இருக்கணும்னு மாடில போயி நின்னுக்குவேன். அங்கயும் பக்கத்து வூட்டு டிவில கத்துவான். இன்னிக்கி சாவறான்னு சொன்னீங்களே, கண்ணால பாத்தாதான் நம்புவேன்னு வந்தேன். பாத்துட்டேன். ஒழிஞ்சான்." முதலில் சிரித்தது நிவேதிதாதான். அப்புறம் சதாசிவம், அப்புறம் மணவாளன். தணிகாசலத்துக்கு வயிற்றிலிருந்து வந்தது, நெற்றிக் காசு உருண்டு கீழே விழ, ஒரு மூக்குப் பஞ்சு தெறிக்க, மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தான். வெட்கம் என்றல்லவா நினைத்தான், பத்து மாசமாக! கேமராமேன் எடுத்துக்கொண்டே இருந்தார்.

எல்லாரும் டீக்குப் போய்விட்டார்கள். அம்சா பெஞ்சின் காலடியில் உட்கார்ந்து அவன் கால் கட்டைவிரல் நூல்முடிச்சை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். இறுக்கமாகத்தான் போட்டிருந்தார்கள். "அம்சா." "ம்." "இன்னிக்கி சாயங்காலம் கடைக்குப் போலாம்னு இருந்தேன்." பன்னிரண்டு வருஷத்தில் போவதற்கு முன்னால் அவன் இதைச் சொன்னது இல்லை. அவள் விரல் நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. "இப்ப?" அவன் உள்ளே போய்ப் பார்த்தான், ஒரு இடம் விடாமல் பார்த்தான். தொண்டை காய்ந்திருந்தது. வெறும் தண்ணிக்குத்தான். "இப்ப இல்ல." "நாளைக்கு?" "தெரில." "தோணுச்சுன்னா இந்த மாரியே சொல்லுங்க, போன்ல சொன்னாலும் சரி" என்றாள். முடிச்சு அவிழ்ந்தது. காலைப் பிரித்து வைத்தான், ரத்தம் குறுகுறுவென்று இறங்கியது, என்ன சுகமாக இருந்தது. அம்சா நூலைச் சுருட்டி ஜன்னல் வழியாகத் தூர எறிந்தாள். "எந்திரிங்க. குளிச்சிட்டு வாங்க. எனக்கு எதுனா வாங்கிக் குடுங்க, காலைலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல." "ஏன், சாப்டுட்டு வர்றதுக்கு என்ன?" என்றான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நல்லாருக்கே! எழவு வூட்ல பொணத்த எடுக்கறதுக்கு முன்னாடி எவளாவது சாப்டுவாளா?"